மஞ்சள் தெளித்த முட்டைகள்

எங்கள் வீட்டு ஸ்டோர் அறையில் ஒரு காலத்தில் ராஜநாகத்தின் முட்டைகள் பதினான்கு இருந்தன என்று சொன்னால் என் கணவர் இன்றும் நம்புவதில்லை. பல்லியைக் கண்டு நாற்காலியில் ஏறுகிறவளுக்கு இந்தப் பெருமை எதற்கு என்கிறார். நான் என்ன செய்வது? இருந்தனவே.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு ஒன்பது வயது. தங்கா பத்து என்ற கடலோர ஊரில், வரிசை வீடு ஒன்றில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான அத்தை ஆகிய நால்வரும் இருந்தோம். அம்மாவின் தம்பியான மாமா, தஞ்சோங் கிளிங் கடற்கரைச் சாலையில் ஒரு சீன முதலாளி நடத்திய பாம்புக் காட்சியகத்தில் வேலை செய்துகொண்டு அங்கேயே தங்கியிருந்தார். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய தாத்தா பாம்பைக் கண்டால் பாராங் கத்தியைத் தூக்கிக்கொண்டு வெட்ட ஓடுவாராம். அவர் பெற்ற பிள்ளை பாம்புக்குப் பிரசவம் பார்த்தார்.

அது லேசான வேலை இல்லை. ராஜநாகத்துக்குச் சாப்பாடே பாம்புதான். ஜோடி சேர்க்கிறேன் என்று இரண்டை ஒரே கூண்டில் விட்டால், மறுநாள் ஒன்றுதான் மிஞ்சும். மாமா ஒரு வருடம் பாடுபட்டு அவற்றைச் சேர்த்து வைத்தார். பெண் பாம்பு மூங்கில் சருகுகளை உடம்பாலேயே வாரிக் குவித்துக் கூடு கட்டி முட்டையிட்டது. ஆனால் முதலாளியின் பொறுமை தீர்ந்திருந்தது. குட்டி வந்தால் மாமாவுக்கு நிரந்தர வேலை, வராவிட்டால் பாம்புகளை விற்றுவிட்டு இடத்தை மூடிவிடுவேன் என்று சொல்லிவிட்டார். மூடினால் மாமா சிங்கப்பூர்க் கப்பல் பட்டறைக்குப் போக வேண்டியதுதான். கூட்டாளி ஒருவர் அங்கே இடம் பிடித்து வைத்திருந்தார். மாமா போய்விட்டால் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய், தேங்காய்ப்பால் ஊற்றிய ஐஸ் செண்டோல் வாங்கித் தர யார் இருக்கிறார்கள்? அந்தக் கவலையில் எனக்குப் பள்ளிக்கூடப் பாடமே ஏறவில்லை.

காட்சியகத்தின் கூரை ஒழுகியது. எல்லா முட்டையும் ஒரே இடத்தில் கிடந்து கெட வேண்டாம் என்று, பாதியைக் கூட்டில் விட்டுவிட்டு மீதியை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். மீன் விற்கிறவர்கள் ஐஸ் போட்டு வைக்கும் வெள்ளைப் பெட்டி, உள்ளே ஈரமான தேங்காய் நார்த்தூள். பாம்பு முட்டையைப் புரட்டினால் குட்டி செத்துவிடுமாம். அதனால் மேல்பக்கம் எது என்று தெரிய ஒவ்வொன்றிலும் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்தார். முட்டைகளெல்லாம் பரீட்சையில் தோற்றுவிட்டன என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அம்மா வாசலிலேயே மறித்தாள். மாமா கெஞ்சினார்.

“முட்டை கடிக்காதுலா, அக்கா. பொரிக்கிற நேரம் வந்தா நான் பூட்டி சாவிய எடுத்துக்கிறேன்.”

தினமும் ஓரத்து நார்த்தூளில் நான்கு சொட்டுத் தண்ணீர் விடுவது என் பொறுப்பு. மாமா சாயங்காலம் வந்து பார்ப்பார். அவர் வந்தால் அத்தைக்கு எங்கிருந்துதான் வேலை வருமோ, ஸ்டோர் அறைப் பக்கமே கூட்டிக்கொண்டிருப்பாள். இருவரும் நேராகப் பேசிக்கொள்வதில்லை. முறைக்காரர்கள் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். ஒரு கை தூரத்தில் நிற்கிறவரைக் காட்டி அத்தை என்னிடம் சொல்வாள்: “உங்க மாமாவுக்கு டீயா கோப்பியான்னு கேளு.” நான் கேட்பேன். மாமாவும் என்னிடமே, “டீ போதும்னு சொல்லு” என்பார். இரண்டு பேருக்கும் காது மந்தமோ என்று எனக்குச் சந்தேகம் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை அம்மா வழக்கம்போல மஞ்சள் தண்ணீர் கரைத்து, வேப்பிலைக் கொத்தால் வீடு முழுக்கத் தெளித்தாள். வாசலுக்குத் தெளித்தாள், அப்பாவின் மோட்டாருக்குத் தெளித்தாள், என் புத்தகப் பைக்குக்கூடத் தெளித்தாள். முட்டைகளை மட்டும் விட்டுவிட்டாளே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. மாமா சிங்கப்பூர் போகாமலிருக்க வேண்டுமே! மிச்சத் தண்ணீரைக் கிண்ணத்தோடு எடுத்துப் போய், பதினான்குக்கும் ஓரவஞ்சனை இல்லாமல் தெளித்தேன். பூச்சி புழு அண்டாதிருக்கட்டும் என்று விரலால் தடவியும் விட்டேன்.

சாயங்காலம் மாமா பெட்டியைத் திறந்தார்.

“யாரு செஞ்ச வேலை இது?”

அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. அத்தையின் பின்னால் ஒளிந்தேன். என் விரல்கள் பத்தும் மஞ்சள். அத்தை குனிந்து பார்த்தாள், என் கையைத் தன் கைக்குள் மூடிக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து, மாமாவின் முகத்தைப் பார்த்தே சொன்னாள்:

“நான்தான் தெளிச்சேன். நல்லா பொரிக்கட்டும்னு. நீங்க சிங்கப்பூர் போவ வேணாம்னு.”

மாமாவின் கோபம் போன இடம் தெரியவில்லை. மூடியைப் பெட்டிமேல் மெல்ல வைத்தார். “பரவால்ல… மஞ்சள்தானே. குழம்புக்கே போடுறோம்” என்று முணுமுணுத்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது. நான் ஒப்புக்கொண்டிருந்தால் காது திருகியிருப்பாரே! பெரியவர்களுக்கு ஒரு சட்டம், பிள்ளைகளுக்கு ஒரு சட்டம்.

அன்றிலிருந்து மாமா பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் டார்ச் பிடிப்பது அத்தையின் வேலையாயிற்று. ஒரு பெட்டியைப் பார்க்க அத்தனை நேரம் ஏன் ஆனது என்று நான் யோசிக்கவில்லை.

அடுத்த மாதம் மழை கொட்டியது. காட்சியகத்துக் கூட்டில் தண்ணீர் புகுந்து, அங்கிருந்த முட்டைகளெல்லாம் பூசணம் பிடித்து அழுகிவிட்டன. இனி எங்கள் வீட்டுப் பதினான்குதான். ஸ்டோர் அறைக்குப் பூட்டு விழுந்தது. சிங்கப்பூர்க் கூட்டாளி இரண்டு முறை போன் செய்துவிட்டார். அத்தை சரியாகச் சாப்பிடவில்லை. வேலைக் களைப்பு என்றாள் அம்மா.

ஒரு ஞாயிறு மத்தியானம் மாமா உள்ளிருந்து கத்தினார். நாங்கள் வெளிப்பக்கம் ஓடி, மூடியிருந்த ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்தோம். மஞ்சள் முட்டையைக் கிழித்துக்கொண்டு ஒரு மூக்கு நீண்டிருந்தது. பிறகு இன்னொன்று. கறுப்பு உடம்பில் வெளிறிய பட்டைகள். ஒரு முழமே இருந்த குட்டி, அதற்குள் படமெடுத்து மாமாவின் கொக்கியைப் பார்த்துச் சீறியது. சாயங்காலத்துக்குள் ஒன்பது வந்துவிட்டன. எல்லாம் மஞ்சளின் மகிமை என்று அம்மா தெரு முழுக்கச் சொன்னாள். வீட்டில் மழைத் தண்ணீர் புகாததுதான் காரணம் என்பது மாமாவின் கட்சி.

பெட்டியை மூடி, கதவைப் பூட்டிவிட்டு மாமா எங்கள் வீட்டுப் போனில் முதலாளியை அழைத்தார். “தவுக்கே, சுடா கெலுவார்லா! செம்பிலான்!” முதலாளி, வெளியே வந்துவிட்டன, ஒன்பது என்று மலாயில் கத்தினார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, போனை வைத்துவிட்டுத் திரும்பினார்.

“வேலை நிரந்தரம். நான் எங்கயும் போவல.”

நான் குதித்தேன். அத்தை சுவரில் சாய்ந்துகொண்டு அழுதாள், சத்தமாகவே அழுதாள். எனக்குப் பாவமாகிவிட்டது. அவள் கையைப் பிடித்து, “பயப்படாதீங்க அத்தை, அதான் மாமா இங்கயே இருப்பாருல்ல” என்றேன்.

அப்பாவும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். மாமா தலையைக் குனிந்துகொண்டார். அத்தை அழுகையோடு சிரித்து என்னை இறுக்கி அணைத்துக்கொண்டாள். முழ நீளப் பாம்புக்குட்டிக்குப் போய் இவ்வளவு பெரிய ஆள் அழுவாளா என்று எனக்கு அவள்மேல் கொஞ்சம் இளக்காரமாகத்தான் இருந்தது.