பனி இறங்கிய கோடு

தமிழ்க்குமரனின் கருமாதிக்குத் தம்பி கலைச்செல்வன் தவளக்குப்பத்தில் பேனர் அடிக்கக் கொடுத்திருந்தான். சாவு பேனரில் யார் எதை எழுதினாலும் ஊர் கேள்வி கேட்பதில்லை. "வியாழனின் நிலவு மங்கக் கண்டு விண்ணேகிய எங்கள் அண்ணனே" என்று அவனும் அள்ளி விட்டிருந்தான். ஃபோனில் வந்த அந்த வரியைத் தமிழ்க்குமரனின் மனைவி விஜயராணி படித்தாள். அச்சுக்குப் போகாமல் நிறுத்தி வை, அன்றைக்கு அவர் எடுத்த படங்களை அளந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள்.

அவள் கணவருக்குக் கரியமாணிக்கத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை. மொட்டை மாடியில் தொலைநோக்கி வைத்து, வியாழனைச் சுற்றும் நிலவுகளைப் படம் எடுப்பார். உட்கார்ந்து அளக்க அவருக்குப் பொறுமை கிடையாது. அது அவள் பாடு. லேப்டாப்பில் ஒவ்வொரு நிலவைச் சுற்றியும் ஒரு வட்டம் போட்டு, உள்ளே விழுந்த வெளிச்சத்தை எடுத்து, பக்கத்து வானத்தின் வெளிச்சத்தைக் கழிக்க வேண்டும். கிடைத்த அளவுகளைக் கோடாக வரைந்து, இப்படிப்பட்ட அளவுகளைச் சேகரிக்கும் குழுவுக்கு அனுப்புவாள்.

ஒரு நிலவின் நிழல் இன்னொரு நிலவின் மேல் விழும் பருவம் ஆறு வருடத்துக்கு ஒருமுறைதான் வரும். போன பருவத்தை மழைமேகம் கெடுத்துவிட்டது. மனுஷன் இந்த மார்கழிக்காகவே காத்துக் கிடந்தார். நிழல் விழவிருந்த அந்த இரவு பார்த்து விஜயராணி பாகூரில் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். காலையில் வந்தபோது தொலைநோக்கியின் காலடியில் அவர் விழுந்து கிடந்தார். கேமரா தன்பாட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. மாரடைப்பு, எந்நேரம் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். அவள் அழவில்லை. ஊர் அதையும் பேசியது. பார்த்துவிட்டுப் போனாரா, பார்க்காமலே போனாரா என்ற ஒரே கேள்விதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது. படங்களைத் திறக்கத்தான் தைரியம் வரவில்லை.

இப்போது திறந்தாள். மார்கழிப் பனி தொலைநோக்கியின் முன்கண்ணாடியில் படியப் படிய எல்லா நிலவுகளும் சேர்ந்தே மங்கும். அவர் பழைய ஹேர் டிரையரைப் பிடித்துக் காயவைத்ததும் வெளிச்சம் சட்டென்று ஏறும். அதனால் அவர் எடுத்த படங்களின் கோடு எப்போதும் கருக்கறுவாளின் பல்லைப் போல இருக்கும். கண்ணாடியைக் கவனிக்கத் தெரியவில்லை என்று அவரைக் கேலி செய்வாள். இன்றைக்கு அந்தப் பற்கள் ஒவ்வொன்றும் அவர் கை. ஏறி, இறங்கி, மறுபடி ஏறி வந்த கோடு, ஒரு பல்லுக்குப் பிறகு இறங்க ஆரம்பித்தது. காயவைக்க ஆளில்லாமல் இறங்கிக்கொண்டே போனது. அதற்கும் வெகுநேரம் கழித்துத்தான் ஒரு நிலவு மட்டும் நிழல் விழுந்து தனியாக மங்கி மீண்டது.

கலைச்செல்வன் கூப்பிட்டான். "இன்னா அண்ணி, அடிச்சிடலாமா?"

"அவரு பாக்கல, கலை. அந்த வரிய எடுத்துடு."

யார் கேட்கப்போகிறார்கள், பார்த்ததாகவே இருந்துவிட்டுப் போகட்டுமே என்று கெஞ்சினான்.

"ஆறு வருசம் காத்துக்கெடந்தவருப்பா. அவரு மேல பொய்ய எழுதாத. பேரு மட்டும் போடு, போதும்."

குழுவுக்கு அனுப்பும் கணக்கு பாக்கியிருந்தது. மங்கிய நிலவின் வெளிச்சத்தை, அதே படத்தில் மங்காமல் நின்ற இன்னொரு நிலவின் வெளிச்சத்தால் வகுக்க வேண்டும். பனி இரண்டையும் ஒன்றுபோல மறைப்பதால், வகுத்தால் பனி போய்விடும். வகுத்தாள். அவர் ஆறு வருடம் காத்திருந்த பள்ளம் பிசிறில்லாமல் வந்து நின்றது. இத்தனை சுத்தமான கோடு அவர்கள் வீட்டிலிருந்து போனதே இல்லை. பனியோடு சேர்ந்து பற்களும் போயிருந்தன.

படம் எடுத்தவர் என்ற இடத்தில் அவர் பெயரையும் அளந்தவர் என்ற இடத்தில் தன் பெயரையும் வழக்கம்போலப் போட்டாள். அனுப்பும் முன் பழைய கோட்டை மறுபடி திறந்தாள். அந்தக் கடைசிப் பல்லின் மேல் விரலை வைத்து, சாவன்று அழாத அழுகையை அழுதாள்.