சிவப்பையும் வெட்டினேன்

ராயபுரத்தில் ஒரு கஸ்டம்ஸ் ஏஜெண்ட் ஆபீசில் இருபது வருடமாக டைப் அடிக்கிறேன். வெளிநாட்டுத் துணி துறைமுகத்தில் இறங்கினால், அதன் சாயத்தில் தடை செய்யப்பட்ட ரசாயனம் இல்லையென்று லேப் சொன்ன பிறகுதான் வெளியே விடுவார்கள். வேர்வை பட்டால் தோலுக்குள் இறங்கும் விஷம் அது. ஒவ்வொரு நிறத்திலும் ஒரு துண்டு வெட்டி அனுப்ப வேண்டும் என்பது விதி. அந்த வரியை எத்தனையோ முறை டைப் அடித்திருக்கிறேன். வெட்டுவதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

போன ரமலான் மாதம், துண்டு வெட்ட வழக்கமாகக் கன்டெய்னர் யார்டுக்குப் போகிறவருக்கு டைபாய்டு. முதலாளி என்னை அனுப்பினார். சரக்கு வண்ணாரப்பேட்டை பாய் ஒருவருடையது. மொத்தக் கடைகளில் வாங்கி விற்றுக்கொண்டிருந்தவர், முதல் தடவையாகத் தானே இறக்குமதி செய்திருந்தார். குழந்தைகள் கவுன், நான்கு நிறம்.

“பெருநாளைக்குப் பத்து நாள் முன்னாடி கடையில தொங்கணும் தங்கச்சி. இல்லாட்டி நான்தான் தொங்கணும்,” என்று சிரித்தார்.

எண்ணூர் போகும் வழியில் இருக்கிறது யார்டு. பெட்டியைப் பிரித்த லோடுமேன் ஒரு வெள்ளை கவுனை என் கையில் திணித்தார்.

“இத்த வெட்டிக்கோக்கா.”

“மத்த நிறம்?”

“புச்சா நீ? வெள்ளைல சாயமே கெடியாது, இன்னாத்த பெயில் ஆவும்? அல்லாரும் இத்தான் குடுக்குறாங்கோ.”

“நாலு நிறம்னு பேப்பர்ல இருக்கே.”

“பேப்பரா வந்து கவுன் போட்டுக்கப் போவுது?”

பக்கத்தில் நின்ற கஸ்டம்ஸ் அதிகாரி போனிலிருந்து தலை நிமிரவில்லை. வெள்ளை, மஞ்சள், ரோஸ், சிவப்பு என நான்கையும் வெட்டினேன். தனித்தனிக் கவரில் போட்டு, நிறத்தை எழுதி ஒட்டினேன். ‘வேலை சுத்தமாக முடிந்தது’ என்று அன்றைய டைரியில் இருக்கிறது.

சிவப்பு பெயில். ஒரே பில்லில் வந்த சரக்கு என்பதால் மற்ற மூன்று நிறமும் அதோடு சேர்ந்து நின்றன. மறுபரிசோதனைக்கு மனுப் போட்டோம். பாய் தினமும் நோன்போடு வந்து என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்திருப்பார். ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்க முடியாது. பிறை தெரிந்த அன்றும் பெட்டிகள் யார்டில்தான் கிடந்தன.

அடுத்த வாரம் வண்ணாரப்பேட்டையில், அவர் கடைக்கு இரண்டு கடை தள்ளி, அதே சிவப்பு கவுன் தொங்கியது. அதே கம்பெனி லேபிள். அந்தச் சரக்கும் எங்கள் ஆபீஸ் வழியாக வந்ததுதான். வழக்கமாக யார்டுக்குப் போகிறவர், டைபாய்டு வருவதற்கு முன்னால் வெட்டியது. பேப்பர் டைப் அடித்தது நான். ஒரு அம்மா அதைக் குழந்தையின் மார்பில் வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்காமல் நகர்ந்துவிட்டேன்.

முதலாளியிடம் மட்டும் சொன்னேன். “உன்ன யாரு கடை கடையாப் போய் லேபிள் படிக்கச் சொன்னா?” என்றார்.

பாய் என்னைத் திட்டவில்லை. கடன் வாங்கி அதே நான்கு நிறத்தில் அடுத்த சரக்கை வரவழைத்தபோது, “தப்பா எடுத்துக்காத தங்கச்சி, இந்தத் தபா நீ போவாத,” என்றார். போகவில்லை. டைபாய்டு தேறி வந்தவர்தான் போனார், ஒரே ஒரு கவரோடு திரும்பினார். ‘எடுக்கப்பட்ட நிறங்கள்’ என்ற கட்டத்தில் என்ன போடட்டும் என்று கேட்டேன்.

“எப்பவும் போடறதுதான்.”

நான்கு நிறத்தையும் வரிசையாக அடித்தேன். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு பிரிண்ட் கொடுத்தேன்.