இரண்டு வரிசைக் கதியால்

எங்கள் வீட்டு வளவுக்கும் பக்கத்து வீட்டு வளவுக்கும் இடையில் கதியால் வேலி. பூவரசந் தடிகளை ஊன்றி, தென்னோலைக் கிடுகால் அடைத்தது. எங்கள் ஊர்ப்பக்கத்தில் காணி களவு போவது வேலியால்தான். பழைய கதியாலுக்கு இப்பால், அடுத்தவன் காணிக்குள் புதிதாக ஒன்றை நட்டு, அது தழைத்ததும் பழையதைப் பிடுங்கிவிடுவார்கள்.

ஒரு காலை வாசற்படியில் நின்றபோது இடதுபக்கம் இரண்டு வரிசைக் கதியால் தெரிந்தது. கிட்டே இருந்தது எங்கள் வெங்காயப் பாத்தியைத் தொட்டது. பக்கத்து வீட்டுக்காரன் தொடங்கிவிட்டான். அந்தப் பாத்திதான் எங்கள் சீவியம்.

வாய் திறந்து கேட்கும் ஆள் நான் இல்லை. ஐந்தாம் வகுப்போடு தோட்டத்துக்கு வந்தவன். முகத்தைத் திருப்பாமல் கடைக்கண்ணால் மட்டும் பார்த்தேன். இரண்டு வரிசை. யாரும் இல்லாத நேரம் நேரே திரும்பிப் பார்த்தால் ஒன்று. நான் பார்க்கும் நேரம் பார்த்து ஒளிக்கிறான் என்றுகூட நினைத்தேன். கண்ணுக்கு மேலே ஒரே குத்து. செய்வினையும் செய்துவிட்டானோ?

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இஞ்சாருங்கோ, விசர்க் கதை கதையாதேங்கோ. ஒரு வரிசைதான் நிக்குது."

அவனுடைய மனைவியும் இவளும் நல்ல சிநேகம். இவளையும் சந்தேகித்தேன்.

நாலைந்து நாளில் அவனே படலையைத் திறந்துகொண்டு வந்தான்.

"என்ன அண்ணை, எந்த நேரமும் எங்கடை கிணத்தடியைக் கள்ளமாப் பார்க்கிறியள்? பொம்பிளையள் குளிக்கிற இடமெல்லே."

வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணால் பார்த்தேன். ஒரே மாதிரிச் சாரம் கட்டிய இரண்டு பேர் நின்றார்கள்.

"நீ... ரெண்டு பேரா நிக்கிறாய்."

அவன் கிட்டே வந்து என் முகத்தை உற்றுப் பார்த்தான்.

"அண்ணை, உங்கடை இடக்கண் நடுவிலையே நிக்குது. அங்காலை போகேல்லை. வெளிக்கிடுங்கோ ஆசுப்பத்திரிக்கு."

அவனுடைய மோட்டார் சைக்கிளிலேயே போனோம். டொக்டர் பேனையை அசைத்து, தலையைத் திருப்பாமல் பார்க்கச் சொன்னார். கண்ணை வெளிப்பக்கம் இழுக்கும் நரம்பு வாதப்பட்டுவிட்டது, கவனிக்காமல் விட்ட சீனி வருத்தம், நீரிழிவுதான் காரணமாக இருக்கும் என்றார். சில மாதங்களில் பெரும்பாலும் சரிவரும் என்றும் சொன்னார்.

சரிவந்தது. இப்போது எப்படிப் பார்த்தாலும் ஒரு வரிசைதான். பழைய இடத்தில்தான் நிற்கிறது. ஆனாலும் அந்த வருடம் அவன் வேலி அடைத்தபோது நான் வேலை எதையோ சாட்டாகச் சொல்லி, கடைசிவரை கூடவே நின்றேன்.

அவனும் என்னை முழுதாக நம்பவில்லை. கிணற்றடியைச் சுற்றி ஆள் உயரத்துக்குத் தகரம் அடித்தான். என் கண் சரிவந்த பிறகும் அதைக் கழற்றவில்லை.