ஹெல்மெட்டைத் தட்டுவதை விட்டேன்

கிள்ளானிலிருந்து நண்பர்கள் மூவரும் ஆளுக்கொரு மோட்டாரில் உலு யாம் மலைச்சாலைக்குப் போனோம். வேக வரம்பைக் குறைத்துப் புதுப் பலகை வைத்திருந்தார்கள். "இதுக்கு பஸ்லயே வந்திருக்கலாம் லா!" என்று எரிந்து விழுந்தான் குமார். நாங்கள் இருவரும் பசியாற நின்றோம். அவன் நிற்காமல் பறந்தான்.

பசியாறிவிட்டு நாங்களும் விரட்டினோம். எதிரே வந்த மோட்டார்க்காரர் தன் ஹெல்மெட்டைத் தட்டிக் காட்டினார். முன்னால் போலீஸ் நிற்கிறது என்பதற்கு எங்களுக்குள் அதுதான் சைகை. உடனே வேகத்தைக் குறைத்தோம். அபராதச் சம்மனுக்குத் தப்பினோம் என்று எனக்குச் சிரிப்புகூட வந்தது.

அடுத்த வளைவில் போலீஸ் நின்றது. தரையில் கிடந்த குமாரின் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது பலகையில் உள்ள வேகத்தில்தான் ஓட்டுகிறேன். யாருக்கும் ஹெல்மெட்டைத் தட்டுவதில்லை. தட்டினால், போலீசைத் தாண்டும்வரைதான் மெதுவாகப் போவார்கள். பிறகு மறுபடி முறுக்குவார்கள். குமாரும் எப்போதும் அப்படித்தான் ஓட்டுவான்.