எல்லைக்கு முந்திய நிலையம்

அந்தப் பழைய சொகுசு ரயில் மியூனிக்கில் வந்து நின்றால் எங்களுக்கு ஓட்டம்தான். பித்தளைக் கைப்பிடிகளும் மினுங்கும் மரச்சுவர்களுமாகப் புதுப்பித்து, வசதியானவர்கள் படுத்தபடியே ஐரோப்பாவைச் சுற்றிப் பார்ப்பதற்காக ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் மன்னாரைச் சேர்ந்த ஓர் அக்காவும் சலவைக்கூடத்திலிருந்து விரிப்புகளையும் துவாய்களையும் கொண்டுபோய் அடுக்கிவிட்டு இறங்க வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. என் அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரவில்லை. விசாரணைக்குக் குறித்த நாள், டேர்மின் என்பார்கள், அடுத்த வாரம். அதுவரை நான் மியூனிக்கைத் தாண்டக் கூடாது.

அன்று ஒரு பயணி படுக்கையில் சிவப்பு வைனைக் கொட்டிவிட்டார். விரிப்பை மாற்றித் தரும்படி அந்தப் பெட்டியின் பணியாளர் என்னிடம் கேட்டார். வெள்ளைக் கையுறை போட்ட, நரைத்த மீசைக்கார ஜெர்மன்காரர்.

"கெதியா மாத்திப்போட்டு இறங்கு பிள்ளை. இவங்கள் சொல்லாமல் கொள்ளாமல் ரயிலை எடுத்துப்போடுவாங்கள்" என்று சொல்லிவிட்டு அக்கா இறங்கினார்.

மெத்தையைத் தூக்கி ஓரத்தைச் செருகிக்கொண்டிருந்தபோது மேசைவிளக்கின் குஞ்சம் ஆடியது. நிமிர்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே அக்கா கையை வீசியபடி ஓடிவந்துகொண்டிருந்தார். பிறகு அக்காவும் இல்லை, நிலையமும் இல்லை.

நிறுத்த முடியுமா என்று கேட்கப் பணியாளர் ரயிலின் மேலாளரிடம் ஓடிப்போய் முகம் வெளுத்துத் திரும்பினார். பயணிகள் இறங்கும் அடுத்த இடம் சால்ஸ்பூர்க். அது ஒஸ்ரியா, வேறு நாடு. அங்கே கால் வைத்தால் திரும்பி உள்ளே விடமாட்டார்கள், விண்ணப்பமும் போய்விடும் என்றுதான் நான் கேள்விப்பட்டிருந்தேன். எல்லைக்கு முன்னால் ஃப்ரைலாசிங்கில் ரயிலை நிறுத்திப் பொலிஸ் ஏறும் என்றார் அவர்.

நடைபாதை முடிவிலிருந்த விரிப்பு அலுமாரியைத் திறந்தார். "உள்ளே போங்கள். இதை அவர்கள் திறப்பதில்லை. திரும்பி வரும்போது மியூனிக்கில் இறக்கிவிடுகிறேன்."

நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் நான் ஜெர்மனிக்கு வந்ததே ஒரு லொறிக்குள், மூட்டைகளுக்குக் கீழே. யாருடைய முழங்காலோ என் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தது. இருமல் வராமல் இருக்க என் வாயை நானே பொத்திக்கொண்டு வந்தேன். அலுமாரியின் இருட்டைக் கண்டதும் மூச்சு அடைத்தது.

"ஏலாது" என்றேன், தமிழில். அவருக்கு விளங்கிவிட்டது.

"எனக்கும் வேலை போகும்" என்று முணுமுணுத்தார். ஆனாலும் போய்விடவில்லை. நடைபாதையின் மடக்கு இருக்கையை எனக்கு இழுத்துப் போட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றார். ரோசன்ஹைம் கடந்து போனது. முத்துமாலை போட்ட ஒரு பெண் என்னிடம் துவாய் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன்.

ஃப்ரைலாசிங்கில் இரண்டு பொலிஸ்காரர் ஏறினார்கள். இளையவர் என் அகதிப் பத்திரத்தை வாங்கி வாசித்தார். பிறகு என் ஏப்ரனைப் பார்த்தார்.

"எங்கே போகிறீர்கள்?"

"எங்கேயும் இல்லை. சலவைக்கூடத்துக்கு."

"பிழை என்னுடையது. நான்தான் இவரை உள்ளே கூப்பிட்டேன்" என்றார் பணியாளர்.

இளைய பொலிஸ்காரர் என் பத்திரத்தை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். "இறங்குங்கள்" என்றார் என்னிடம்.

ஜன்னல்களில் முகங்கள் முளைத்தன. நான் மேடையில் நிற்க, ரயில் ஒஸ்ரியாவுக்குப் போனது. என்னைக் கைது செய்துவிட்டார்களா என்று கேட்க எனக்கு ஜெர்மன் போதவில்லை. ஓர் அறையில் உட்காரவைத்துவிட்டு எங்கெங்கோ தொலைபேசினார்கள். பின்னேரம் சலவைக்கூடத்து வான் வந்தது. முதலாளிக்கு முந்தி அக்கா உள்ளே வந்தார்.

"எடி, உன்னை ஒஸ்ரியாவுக்கு ஏத்திக்கொண்டு போட்டாங்கள் எண்டெல்லோ நினைச்சன்" என்று என் தோளில் அடித்துவிட்டு, அங்கேயே அழுதார்.

"அடுத்த தடவை கறையை அப்படியே விட்டுவிடுங்கள்" என்று சொல்லிப் பத்திரத்தைத் திருப்பித் தந்தார் இளைய பொலிஸ்காரர்.

ரயிலைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்று அந்த வாரம் முழுதும் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். விசாரணையில் ஊரைப் பற்றிக் கேட்டார்கள், ஷெல்லடியைப் பற்றிக் கேட்டார்கள். ரயிலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மறு வருடம், ஜெர்மனியிலேயே இருக்க அனுமதி கிடைத்தது.

அந்தப் பணியாளருக்கு வேலை போகவில்லை. அதன்பிறகு ரயில் வரும்போதெல்லாம் அவரே வாசலுக்கு வந்து, எங்களை ஏறவிடாமல், விரிப்புகளைக் கை நீட்டி வாங்கிக்கொண்டார்.