வாக்கியம் முழுமையாகும்வரை வாய் திறவாத கெர்ஸ்தி

விடை தெரிந்திருந்தும் வாய் திறக்காமல் நின்றதால், இந்த வாழ்க்கையில் நீங்கள் இழந்தது எது? உடனே பதில் சொல்ல வேண்டாம். உள்ளே சற்றுத் தேடிப் பாருங்கள். நான் டென்மார்க்கில், யூலாந்தின் நடுவேயுள்ள பிராண்டே ஊரில், வேலை முடிந்து களைத்து வரும் பெரியவர்களுக்கு மாலை வகுப்பில் ஆங்கிலம் கற்பிப்பவள். என் தொழிலைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரே உண்மை இதுதான்: சிறுவர்கள் தெரியாததை அழுது காட்டிவிடுவார்கள், பெரியவர்கள் அதைப் புன்னகையால் மூடிவைப்பார்கள், அந்த மூடியைத் திறப்பதற்கே எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

ஆங்கிலத்தின் ஒழுங்கற்ற வினைச்சொற்களிடம் அகப்பட்டு விழிபிதுங்கிய அன்பர்களே, நீங்களும் நானும் ஒரே படகில் இருந்தவர்கள். 'கோ' என்ற சொல் ஏன் ஒரே இரவில் 'வென்ட்' ஆக வேண்டும் என்று நீங்கள் பொருமியிருப்பீர்கள். நானும் பொருமியிருக்கிறேன். ஆனால் எஸ்தோனியாவிலிருந்து வந்த ஒரு பெண், அதே சொற்களின் முன்னே நிமிர்ந்து நின்றதைக் கண்டபின் என் பொருமல் அடங்கிவிட்டது. அவரைப் பற்றிய சில நினைவுகளை உங்களுக்குச் சொல்லவேண்டும்.

பதினான்கு வேற்றுமைகள்

கெர்ஸ்தி எஸ்தோனியாவின் கடற்கரைச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்தவர். அங்கே அவர் வேலைசெய்த மீன் தொழிற்சாலை மூடப்பட்டுவிட்டது. இங்கே, காற்றாலைகளின் உச்சியைப் போர்த்தும் பெரிய கண்ணாடியிழை மூடிகளைச் செய்யும் சிறிய தொழிற்சாலை ஒன்றில் தற்காலிக வேலை கிடைத்திருந்தது. பல நாட்டவர்கள் வந்து போகும் இடமாதலால் அங்கே பொதுமொழி ஆங்கிலம். பாரந்தூக்கும் குழுவை வழிநடத்தும் நிரந்தரப் பதவியொன்று காலியாக இருந்தது. அதற்கு ஆங்கிலத்தில் கட்டளையிடத் தெரிய வேண்டும். அந்தப் பதவி கிடைத்தால் அவர் இங்கேயே தங்கலாம். கிடைக்காவிட்டால் குளிர்காலத்துக்கு முன்னர், வேலையில்லாத அந்த ஊருக்கே திரும்ப வேண்டும்.

அதே தொழிற்சாலையில் வேலைசெய்பவர் எங்கள் சிவநேசன் அண்ணை. யாழ்ப்பாணத்தவர், டேனிஷ் மொழியில் சரளமாகச் சண்டை பிடிப்பார், ஆங்கிலம்தான் அவருக்குப் பிணக்கு. இருவரும் என் வகுப்பில் சேர்ந்த முதல் நாளிலேயே அவர், தமிழில் எட்டு வேற்றுமைகள் உண்டு என்று நெஞ்சை நிமிர்த்தினார். நான் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் கெர்ஸ்தி இரு கைகளின் விரல்களையும் விரித்துக் காட்டி, அவை போதாமல் மீண்டும் நான்கு விரல்களை உயர்த்தினார். அவருடைய மொழியில் வேற்றுமைகள் பதினான்கு! அண்ணையின் நெஞ்சு மெல்லத் தாழ்ந்தது. ஆனால் அந்த மொழியில் வினைக்குத் தனியான எதிர்கால வடிவம் கிடையாது என்று கெர்ஸ்தி சொன்னபோது, அவர் மறுபடியும் உயிர்பெற்றுவிட்டார்.

"பாருங்கோ டீச்சர், எதிர்காலமே இல்லாத பாஷையை வச்சுக்கொண்டு, எதிர்காலம் தேடி பிராண்டேக்கு வந்திருக்கிறா மனிசி!"

பக்கத்து அறையின் விண்ணப்பம்

எஸ்தோனியர்கள் கூடிப் பாடுவதில் மகிழ்ச்சி காண்பவர்கள். கெர்ஸ்தியும் சிறுவயதிலிருந்தே பாடகர் குழுவில் நின்றவர். ஆகவே அவர் வினைச்சொற்களை மனப்பாடம் செய்யவில்லை, குரல் பிரித்தார். ஒருபோதும் மாறாத 'கட்', 'புட்', 'ஷட்' போன்றவை ஒரு குரலுக்கு. ஒருமுறை மாறுபவை இரண்டாம் குரலுக்கு. இருமுறை மாறும் 'சிங், சாங், சங்' போன்ற குறும்புக்காரர்கள் மூன்றாம் குரலுக்கு. மூடியைத் தேய்த்து மெருகேற்றும்போது, முகமூடிக்குள்ளே இவற்றைத்தான் முணுமுணுப்பாராம்.

வகுப்பிலும் அதையே செய்து பார்த்தோம். மாறாத வினைகளை அண்ணையிடம் ஒப்படைத்தோம். அவரும் நாதசுரத்துக்கு ஒத்து ஊதுபவரைப்போல் கண்களை மூடிக்கொண்டு ஒரே சுருதியில் 'கட், கட், கட்' என்று நின்றுபிடித்தார். கற்பது என்பது தண்டனையென்று நினைப்பவர்களே, அந்த அறையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! சற்று நேரத்தில் கதவு தட்டப்பட்டது. பக்கத்து அறையில் மட்பாண்டம் செய்யப் பழகிக்கொண்டிருந்த டேனிஷ் பெண்மணி ஒருவர், கையில் ஈரக் களிமண்ணோடு நின்றார். சத்தத்துக்காகக் கண்டிக்க வந்தார் என்று நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"இல்லை, இல்லை, நிறுத்திவிடாதீர்கள்! இந்தப் பாட்டு வகுப்பில் சேர யாரிடம் பெயர் கொடுக்க வேண்டும்?"

விழுந்த பாண்

இடைவேளையில் கெர்ஸ்தி வீட்டிலே சுட்ட கறுப்புப் பாண் ரொட்டியை எல்லோருக்கும் வெட்டித் தருவார். ஒருநாள் துண்டொன்று கைதவறி நிலத்தில் விழுந்தது. அவர் குனிந்து எடுத்தார்; அதற்கு ஒரு முத்தம் கொடுத்தார்; பின்னரே அப்பால் வைத்தார். அவர்களுடைய ஊரில் அது பழைய வழக்கமாம். உணவைத் தவறவிட்டால் அதனிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும்.

அவர் சொற்களையும் அவ்வாறே நடத்தினார் என்பதை அப்போதுதான் கவனித்தேன். எழுதும்போது ஒரு சொல் பிழைத்துவிட்டால் அதை வெட்டி எறிந்துவிட்டு ஓடமாட்டார். திரும்பிச் சென்று, சரியான வடிவத்தை மெதுவாக உச்சரித்து, அதைச் சமாதானப்படுத்திவிட்டே அடுத்த சொல்லுக்குப் போவார். அவருடைய எழுத்துத் தேர்வில் நான் சிவப்பு மையைத் திறக்க வேண்டிய தேவையே வரவில்லை. சிவநேசன் அண்ணை அன்று அந்த முத்தத்தைப் பார்த்து, தம் பாடப்புத்தகத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"காலிலை பட்டால் நாங்கள் புத்தகத்தைத் தொட்டுக் கண்ணிலை ஒத்துவம். இவ பாணைக் கொஞ்சுறா. இனி உவவை ஆர் வெளியாள் எண்டு சொல்லுறது?"

தலையாட்டலும் மௌனமும்

இனிச் சொல்லப்போவதில் சிரிப்பு குறைவு. டென்மார்க்கின் தொழிற்சாலைகளில் காலையிலே எல்லோரும் ஒரு வெள்ளைப் பலகையின் முன் கூடி நிற்பார்கள். மேலதிகாரியையும் பெயர் சொல்லியே அழைப்பார்கள். குறை எதுவாயினும் அங்கேயே சொல்லிவிட வேண்டும். தலையாட்டியவருக்கு விளங்கிவிட்டது என்றும், பேசாதவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்றும் டேனியர்கள் எடுத்துக்கொள்வார்கள். நமக்கோ, மேலே உள்ளவர் பேசும்போது 'ஓம், ஓம்' என்று தலையாட்டுவது மரியாதை; 'விளங்கவில்லை' என்று குறுக்கிடுவது மரியாதைக் குறைவு. கெர்ஸ்திக்கோ, வாக்கியத்தை அரைகுறையாக வெளியே விடுவது வேகாத சோற்றை விருந்தாளிக்குப் பரிமாறுவதுபோல. அத்தனை வினைச்சொற்களும் தெரிந்த அந்தப் பெண், பலகையின் முன் ஒரு சொல்லும் பேசியதில்லை.

ஒருநாள் காலை, குழுத் தலைவர் ஹென்ரிக், கிரேனில் மூடியைக் கட்டும் தூக்குப் பட்டி ஒன்று நைந்துவிட்டது, அதைத் தொடாதீர்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லி, எல்லோருக்கும் விளங்கியதா என்று கேட்டார். அண்ணைக்குப் பாதிதான் விளங்கியது. தலை முழுவதும் ஆடியது. சற்று நேரத்தில் அந்தப் பட்டியையே எடுத்துக் கொளுவினார். கெர்ஸ்தி அதைக் கண்டார். உடனே எச்சரிக்கவேண்டும் என்று துடித்தார். ஆனால் உள்ளுக்குள்ளே வாக்கியத்தைக் கட்டத் தொடங்கினார். எழுவாய் அமைந்தது, வினை அமைந்தது, அதற்குள் மூடி நிலத்தைவிட்டு எழுந்துவிட்டது. அவர் வாக்கியத்தைக் கைவிட்டு ஓடிப்போய்க் கிரேனை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அடித்தார். எல்லாம் நின்றன. கீழே எவரும் இருக்கவில்லை; எவருக்கும் கீறலுமில்லை.

அன்பர்களே, கவனியுங்கள். அங்கே தீயவர் எவருமில்லை. இரண்டு நல்ல பழக்கங்கள் கைகோத்துக்கொண்டு ஒரு விபத்தை வாசல்வரை அழைத்து வந்தன. ஹென்ரிக் இருவரையும் திட்டவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை, கெர்ஸ்தி நின்ற இடத்தைவிட்டு அசையாமல் கிரேன் ஓட்டுநருக்குக் குரலால் மட்டும் கட்டளையிட்டு ஒரு மூடியைத் தூக்கி இறக்கிக் காட்ட வேண்டும் என்றார். பதவி அதில்தான் தீர்மானமாகும்.

"நீ ஓடிய வேகத்தில் பாதி வேகத்தில் பேசினால் போதும் கெர்ஸ்தி, அந்த இடம் உன்னுடையது."

விளக்குத் துலக்கியவர்

அன்றைய மாலை வகுப்பில் இருவரும் தலைகுனிந்து இருந்தார்கள். நான் பாடப்புத்தகத்தை மூடிவிட்டு ஒரு கதை சொன்னேன். ஒருவர் வீட்டுக்கு விருந்தாளி வருவதாக இருந்தது. கரி படிந்த விளக்கை ஏற்றுவது அவமானம் என்று அவர் அதைத் துலக்கத் தொடங்கினார். பொழுது சாய்ந்தது, துலக்கினார். இருட்டியது, இன்னும் துலக்கினார். விருந்தாளி வந்து வாசற்படியில் தடுக்கி விழுந்தார். அப்போது வீட்டுக்காரர் கையிலிருந்த விளக்கு பொன்போல் இருந்தது. ஆனால் அதில் சுடர் இருக்கவில்லை.

பிறகு இருவருக்கும் ஒரு நோன்பு விதித்தேன். கெர்ஸ்தி வாக்கியம் முடிவதற்கு முன்னரே பேசத் தொடங்க வேண்டும். அண்ணை எதற்கும் தலையாட்டுவதற்கு முன்னர் 'மறுபடி சொல்லுங்கள்' என்று கேட்க வேண்டும். அண்ணை அந்த நோன்பை அளவுக்கு மீறிக் கைக்கொண்டார். தேநீருக்குச் சீனி போடவா என்று கேட்டாலும் கையை உயர்த்தி, மறுபடி சொல்லுங்கள் என்பார். கெர்ஸ்திக்குத்தான் அது முள்ளில் நடப்பதாக இருந்தது. ஒரு வாக்கியத்தைப் பாதியில் வெளியே தள்ளிவிட்டு, யாரும் சிரிக்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தார். சிரிக்கவில்லை. பிறகு தம் ஆங்கிலத்தில் என்னிடம் சொன்னார்:

"சரி, இனிமேல் கரி விளக்கையே ஏற்றுகிறேன். அணைந்தால் நீங்கள் தீப்பெட்டி தர வேண்டும்."

அந்த வெள்ளிக்கிழமை

நான் அங்கே இருக்கவில்லை. அன்று மாலை இருவரும் மூச்சிரைக்க வகுப்புக்கு வந்து, மாறி மாறிச் சொன்னதையே சொல்கிறேன். கெர்ஸ்தி வோக்கி-டோக்கியைப் பிடித்துக்கொண்டு ஒரு மூலையில் நின்றார். ஹென்ரிக் அருகில். மூடியின் மறுபக்கத்தில் சிவநேசன் அண்ணை. 'மெதுவாக, மேலே' என்ற கட்டளையோடு மூடி எழுந்தது. அந்த வேளை பார்த்து எவரோ லொறிக்காகப் பெரிய கதவைத் திறந்துவிட்டார்கள். யூலாந்துக் காற்று கதவு தட்டிக் கேட்டா வரும்? மூடி மெல்லச் சுழன்று, அண்ணை நின்ற பக்கமாகத் திரும்பத் தொடங்கியது.

கெர்ஸ்தி கத்தினார். அந்த வாக்கியத்தில் திருத்தமான வினை ஒன்றுகூட இருக்கவில்லை என்று அவரே பின்னர் என்னிடம் வெட்கத்தோடு ஒப்புக்கொண்டார். கிரேன் நின்றது. அடுத்து, அண்ணையைப் பின்வாங்கச் சொன்னார். அண்ணைக்கு விளங்கவில்லை. எத்தனையோ ஆண்டுகளாக ஆடிப் பழகிய தலை அது, மேலதிகாரியும் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆனால் அண்ணை தலையாட்டவில்லை. கையை உயர்த்தி, 'மறுபடி சொல்!' என்று கூவினார். கெர்ஸ்தி அதைவிடக் குறைந்த சொற்களில், அதைவிட உரத்துச் சொன்னார். அண்ணை பின்னே பாய்ந்தார். அவர் நின்ற இடத்தின் மேலாக மூடி சுழன்று போனது. கதவு மூடப்பட்டது, காற்று அடங்கியது, மூடி பூப்போல் தரையில் இறங்கியது.

அப்போது எல்லோருடைய வோக்கி-டோக்கியிலும் கெர்ஸ்தியின் குரல் கேட்டதாம். சற்று முன்னர் கத்திய வாக்கியத்தை, ஒவ்வொரு வினையையும் திருத்தி, பணிவாக, முழுமையாக மறுபடி சொன்னாராம். முதலில் கிரேன் ஓட்டுநர் சிரித்தார், பிறகு எல்லோரும், கடைசியில் கெர்ஸ்தியும். சிரித்து முடிந்த பின்னர் ஹென்ரிக் அவருடைய தோளைத் தட்டினார்.

"முதலில் சொன்னதுதான் நல்ல ஆங்கிலம். திங்கட்கிழமை வா, நிரந்தர ஒப்பந்தத்தில் கையொப்பம் இடலாம்."

அன்பர்களே, கெர்ஸ்தியிடம் நான் வியப்பது அவர் கற்ற வினைச்சொற்களை மட்டுமல்ல. அவற்றை அத்தனை அன்போடு கற்றபின், ஒரு மனிதருக்காக அவற்றையெல்லாம் உடைத்துப் பேசத் துணிந்ததையே பெரிதும் வியக்கிறேன். மேலதிகாரியின் முன் கையை உயர்த்தி 'மறுபடி சொல்' என்று கேட்ட அண்ணையின் துணிவும் அதற்குக் குறைந்ததல்ல. நீங்கள் சொல்லாமல் வைத்திருக்கும் வாக்கியம் எது? வைத்தியரிடமா, பிள்ளையின் வகுப்பாசிரியரிடமா, வேலைத்தலத்தில் உங்களுக்கு அருகே நிற்பவரிடமா? நாளைக்கு என்று தள்ளிவைக்காதீர்கள். இன்று, விளக்கு வைப்பதற்கு முன்னரே, அவரிடம் போய் அதை எத்தனை பிழையோடாயினும் உரத்துச் சொல்லிவிடுங்கள், ஏனெனில் பிழைகளைத் திருத்திக்கொள்ள டென்மார்க்கில் நமக்கு வேண்டிய மட்டும் குளிர்காலம் இருக்கிறது.