படத்தில் வராத பக்கம்

எனக்கு யாரையும் சட்டென்று நம்ப வராது. முப்பது வருடம் மேடையில் பேசியவன் வேறு எப்படி இருப்பான்? கோலசிலாங்கூர் பக்கத்து ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் கோயில் திருவிழாவோ சங்கக் கூட்டமோ, என்னைத்தான் கூப்பிடுவார்கள். முதலில் அவையை வணங்கி, இவன் நம்ம ஆள் என்று நினைக்க வைப்பேன். பிறகு கொஞ்சம் கலங்க வைப்பேன். கண் காய்வதற்குள் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுவேன்.

அதனால்தான் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாட்ஸ்அப் குழுவில் அந்தக் காணொளி வந்ததும் எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டது. தோட்டத்தை வாங்கிய கம்பெனி அனுப்பியது. இருபது குடும்பமும் லயத்தைக் காலி செய்தால் புது வீடு, வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டும். கோலம் போட்ட வாசல், சைக்கிள் ஓட்டும் பிள்ளை, பின்னால் வீணை, தேன் ஒழுகும் ஒரு பெண் குரல். நான் அரை மணி நேரம் தொண்டை வறளச் செய்வதை அது ஒரே நிமிடத்தில் செய்துவிட்டது. 'உங்களுக்காக' என்று ஐந்து முறை சொன்னது. வீடு யார் பெயரில் என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை.

கம்பெனிக்குப் போன் போட்டேன். "அதெல்லாம் பிறகு பாத்துக்கலாம் லா, அங்கிள். முதல்ல சைன் பண்ணுங்க," என்றது ஒரு பெண் குரல். அங்கிளாம்.

வீடு யார் பெயரில் என்று கேட்டு, குழுவில் பதினொரு நிமிடம் பேசி அனுப்பினேன். ஒரு கும்பிடும் கை வந்தது. அதற்குக் கீழே யாரோ காலை வணக்கப் பூ போட்டார்கள்.

என் மனைவிக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது. கழிப்பறையோ லயத்துக்குப் பின்னால், சாக்கடை தாண்டி. புது வீட்டுக்கு அவளைப் போல ஏங்கியவர் யாருமில்லை. மறுநாள் அவளே பஸ் ஏறி, வீடு கட்டும் இடத்தைப் பார்த்துவிட்டு வந்து, தன் போனில் எடுத்ததைக் குழுவில் போட்டாள். இருபது வினாடி, பேச்சே இல்லை. சேறு, தேங்கிய தண்ணீர், சாய்ந்து கிடக்கும் பலகை. கடைசியில் சேற்றில் புதைந்த அவள் செருப்பு. சற்று நேரத்தில் 'நாங்க சைன் பண்ணல' என்று வரிசையாக வந்து விழுந்தது.

அந்தச் செருப்புதான் என்னை உறுத்தியது. கடைசியில் காட்டுவதற்கென்றே வைத்த மாதிரி இருந்தது. கட்டினவளையே சந்தேகப்படுகிறேனே என்று வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் மோட்டார்சைக்கிளை எடுத்தேன்.

அவள் நின்ற இடத்தில் நின்று பார்த்தேன். இடது பக்கம் படத்தில் வந்த அதே சேறு. வலது பக்கம் திரும்பினால் ஆறு வீடுகள், கூரை போட்டு, சாயம் பூசி. ஒன்றின் குழாயைத் திறந்தேன், தண்ணீர் வந்தது.

"ஏன் அந்தப் பக்கத்தைக் காட்டல?" என்று வீட்டில் வந்து கேட்டேன்.

"வீட்டை நம்ம பேருல எழுதிக் குடுக்கட்டும், காட்டுறேன்," என்றாள். பிறகு வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "ரப்பரை அழிச்சு செம்பனை போட்டப்ப, எல்லாருக்கும் வேலை உண்டுன்னு நீங்கதானே மேடையில பேசுனீங்க. பொம்பளைங்கள்ல பாதிப்பேர நிறுத்துவாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா? நானும் கீழ உக்காந்து கை தட்டுனேன்," என்றாள்.

தெரியும். அந்த மாதமே அவளை நிறுத்தினார்கள். இத்தனை வருடம் அவள் அதைக் கேட்டதே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை பக்கத்து வீட்டுக்காரர் குழுவில் எழுதினார்: 'அண்ணே, நீங்களும் போயி பாத்தீங்களாமே, எப்படி இருக்கு?' வேறு யாரும் போகவில்லை. படம்தான் வந்துவிட்டதே. என் வார்த்தைக்காகக் காத்திருந்தார்கள்.

'ஒரே சேறு,' என்று எழுதினேன்.

யாரும் கையெழுத்துப் போடவில்லை. கம்பெனியிடமிருந்து இன்னும் பதிலும் இல்லை. மழையில் அவள் குடையைப் பிடித்துக்கொண்டு, சுவரைத் தொட்டுத் தொட்டுப் பின்பக்கக் கழிப்பறைக்குப் போகிறாள். அந்த ஆறு கூரைகள் என் கண்ணுக்குள்ளேயே நிற்கின்றன.